முதல் பீர் திறந்தால் அன்றைய டைவ் முடிந்தது

மார்ச் பிறந்து மலேசியாவின் தியோமான் தீவுப் பக்கம் கடல் அடங்கியதும் எனக்கு வரும் கேள்விகளின் முகமே மாறிவிடும். எந்த மாஸ்க் வாங்கலாம், கண்ணாடி போட்டவர் எப்படி டைவ் செய்வது என்பதெல்லாம் பின்னுக்குப் போய், "அக்கா, ராத்திரி கொஞ்சம் குடிச்சா காலைல இறங்கலாமா" என்பதே பத்து விதமாக வரும். மழுப்பாமல் கேட்கிறீர்களே, அதில் எனக்கு உண்மையான சந்தோஷம். குடிக்கவே கூடாது என்று நான் சொல்லப்போவதில்லை, டைவ் எல்லாம் முடிந்த மாலையில் நானும் ஒரு பீர் குடிப்பவள்தான். எப்போது, எவ்வளவு என்பதில் மட்டும் என்னிடம் பேரம் கிடையாது.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து நண்பர்களோடு மூன்று பெரிய பாட்டில் பீர், அப்புறம் பஸ், மெர்சிங், படகு. காலை எட்டரைக்கு முதல் டைவ். பஸ்ஸில் நன்றாகத் தூங்கினால் தெளிந்துவிடும்தானே? (ஈசூன்)

தூக்கம் தெளிய வைக்காது தம்பி, நேரம்தான் தெளிய வைக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். காப்பிக்கடையில் கிடைக்கும் பெரிய பாட்டில் சுமார் 630 மில்லி, 5 விழுக்காடு என்றால் அதில் ஏறக்குறைய 25 கிராம் சுத்தமான ஆல்கஹால் இருக்கும். மூன்று பாட்டிலுக்கு 75 கிராம். நம் ஈரல் ஒரு மணி நேரத்துக்கு 7 முதல் 10 கிராம் வரைதான் கரைக்கும், அதைக் காப்பியோ குளியலோ எலுமிச்சைச் சாறோ அவசரப்படுத்த முடியாது. இரவு பதினொன்றுக்குக் கடைசி கிளாஸை வைத்தால், குடிக்கும்போதே கொஞ்சம் கரைந்திருக்கும் என்று தள்ளுபடி கொடுத்தாலும், டேங்கைத் தோளில் மாட்டும் நேரத்தில் ரத்தத்தில் இன்னும் மிச்சம் இருக்கலாம்.

அது முழுதாகப் போய்விட்டாலும் கதை முடியவில்லை. சிறுநீரகத்திடம் "தண்ணீரைப் பிடித்து வை" என்று சொல்கிற ஹார்மோனை ஆல்கஹால் அடக்கிவிடுகிறது, அதனால்தான் குடித்த இரவு நாலு முறை எழுந்து போக வேண்டியிருக்கிறது. அந்த வற்றிய உடம்போடு கடலில் இறங்கினால், தண்ணீரின் அழுத்தம் கைகால்களில் இருக்கும் ரத்தத்தை மார்புப் பக்கம் தள்ளும், உடம்பு "ரத்தம் அதிகமாகிவிட்டது" என்று நினைத்து இன்னும் சிறுநீரை வெளியேற்றும். டேங்கில் வருவதோ ஈரமே இல்லாத காற்று, மூச்சு விடும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நீர் போய்க்கொண்டே இருக்கும். ஆழத்தில் உடம்பில் கரைந்த நைட்ரஜன் பத்திரமாக வெளியேற நல்ல ரத்த ஓட்டம் வேண்டும். நீங்களோ ரத்தத்தைக் கெட்டியாக்கிக்கொண்டு இறங்குகிறீர்கள்.

என்னோடு வருபவர்களுக்கு நான் வைத்திருக்கும் சட்டம்: கடைசி கிளாஸுக்கும் முதல் டைவுக்கும் நடுவே குறைந்தது 12 மணி நேரம், அதுவும் ஒன்றிரண்டு கேன் குடித்தவருக்கு. தள்ளாடும் அளவுக்குக் குடித்தவர் மறுநாள் முழுக்கக் கரையில் இருக்கட்டும். உங்கள் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தை வியாழனுக்கு மாற்ற முடியுமா பாருங்கள்.

இரண்டு டைவுக்கு நடுவில், மதியச் சாப்பாட்டோடு ஒரே ஒரு கேன்? (செங்காங்)

கூடாது. தலைப்பில் இருப்பது படகுக்காரர்கள் காலங்காலமாகச் சொல்லும் விதி. மூன்று டைவ் திட்டமிட்டு, இரண்டாவது முடிந்ததும் ஒருவர் கேனைத் திறந்தால் அவருக்கு அன்று இரண்டோடு சரி. கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை, அவர் படகிலேயே உட்கார்ந்து மற்றவர்களின் குமிழிகளைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

காலையில் தலைவலி, வயிறு ஒரு மாதிரி இருக்கிறது, ஆனால் பணம் கட்டியாகிவிட்டது. தண்ணீரில் இறங்கினால் சரியாகும் என்கிறார்களே? (ஜூரோங் வெஸ்ட்)

இறங்க வேண்டாம். குளிர்ந்த தண்ணீர் முகத்தில் பட்டதும் ஐந்து நிமிடம் நன்றாக இருக்கும், அதை வைத்துத்தான் இந்தக் கதை பரவியிருக்கிறது. பத்து மீட்டருக்குக் கீழே, அலையில் ஆடும்போது குமட்டினால் என்ன செய்வீர்கள்? இதைக் குடிக்காதவர்களும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், கடல் ஒத்துக்கொள்ளாமலும் வாந்தி வரும். டேங்கின் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் ரெகுலேட்டரை வாயிலிருந்து எடுக்கவே கூடாது. ஒரு கையால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு அதற்குள்ளேயே வாந்தி எடுங்கள், பிறகு நடுவில் இருக்கும் பர்ஜ் பட்டனை அமுக்கினால் காற்று அடைப்பைத் தள்ளிவிடும். வாந்திக்குப் பின் உடம்பு தானாக மூச்சை உள்ளே இழுக்கும். அந்த நொடியில் வாயில் ரெகுலேட்டர் இல்லாவிட்டால் உள்ளே போவது கடல்தான்.

ஒரு டைவுக்குக் கட்டிய காசு போகட்டும். சின்னச் சின்ன மிடறாகத் தண்ணீர், ஒரு இளநீர் அல்லது 100பிளஸ், கொஞ்சம் கஞ்சி. சிறுநீர் வெளிர் மஞ்சளாகும்வரை காத்திருங்கள்.

நான் நாலு பெக் அடித்தாலும் நிதானமாக இருப்பவன். 30 மீட்டரில் 'நார்க்' ஆவது என்னை ஒன்றும் செய்யாது, சரியா? (பிடோக்)

தப்பு, இந்த நம்பிக்கைதான் எனக்குப் பயமாக இருக்கிறது. 'நார்க்' என்பது ஆழத்தில் நைட்ரஜன் தரும் போதை. அழுத்தத்தில் சுவாசிக்கும் நைட்ரஜன் மூளையை மந்தமாக்குகிறது என்பதை 1935ல் அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ஆல்பர்ட் பெங்கியும் அவரது சகாக்களும் எழுதினார்கள். அதற்கு முன்பே ஆழத்தில் வேலை செய்தவர்கள் காரணமில்லாமல் சிரிப்பதும், கொடுத்த வேலையை மறப்பதும் தெரிந்த சங்கதிதான். ஆழம் கூடக் கூட ஒவ்வொரு கிளாஸ் மார்டினி ஏறுவதுபோல் என்று டைவர்கள் சொல்வது ஓர் உவமைதான், ஆனால் நல்ல உவமை. 30 மீட்டரில் உங்கள் மேல் இருப்பது கரையில் இருப்பதைப்போல நான்கு மடங்கு அழுத்தம். அங்கே நைட்ரஜன் ஊற்றும் கிளாஸ் நேற்றைய மிச்சத்தின் மேல்தான் போய் விழும். கரையில் தள்ளாடாமல் நடப்பது கீழே எந்தக் காப்பும் தராது.

ஒருமுறை 28 மீட்டரில் ஒருவரிடம் காற்று எவ்வளவு என்று சைகையில் கேட்டேன். முந்தைய இரவு ரெண்டு மணிவரை குடித்தவர், எனக்குப் பிறகுதான் தெரிந்தது. டேங்கில் மிச்சக் காற்றைக் காட்டும் கேஜைக் கையில் எடுத்தார், கண்ணுக்கு நேரே வைத்துப் பார்த்தார், நிதானமாக எனக்கு ஓகே காட்டினார். நான் அதைத் திருப்பிப் பார்த்தால் முள் 50 பாருக்குக் கீழே, சிவப்பில் நிற்கிறது. பார்த்தார், ஆனால் பார்த்தது மூளைக்குப் போய்ச் சேரவில்லை. என் மாற்று ரெகுலேட்டரைக் கொடுத்துத்தான் மேலே கூட்டி வந்தேன். நன்றாகக் குடிப்பவர், நன்றாகத் தாங்குபவர் என்று அவரைப் பற்றியும் எல்லாரும் சொன்னார்கள்.

அன்றைய கடைசி டைவ் முடிந்துவிட்டது. இப்போதாவது குடிக்கலாமா? எவ்வளவு நேரம் கழித்து? (பொங்கோல்)

குடிக்கலாம், உடனே வேண்டாம். இதற்குத்தான் நான் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாரும் கவலைப்படுவது டைவுக்கு முன் குடிப்பதைப் பற்றி, டைவுக்குப் பின் குடிப்பதை யாரும் பொருட்படுத்துவதில்லை.

மேலே வந்த பிறகும் உடம்பில் நைட்ரஜன் மணிக்கணக்கில் வெளியேறிக்கொண்டே இருக்கும். பெண்ட்ஸ், அதாவது அந்த நைட்ரஜன் உடம்புக்குள் குமிழிகளாகிப் படுத்தும் நோய், வந்தால் அதன் அறிகுறிகள் பெரும்பாலும் முதல் சில மணி நேரத்திலேயே தெரியும், சிலருக்கு 24 மணி நேரம்வரைகூட ஆகலாம். அறிகுறி என்னென்ன? அசாதாரணக் களைப்பு, தலைவலி, குமட்டல், தலைசுற்றல், மூட்டு வலி, மரத்துப்போதல், தடுமாற்றம். இதில் பாதியைக் குடித்தவரிடம் பார்த்தால் என்ன நினைப்பீர்கள்? ஓவராகிவிட்டது என்றுதானே?

சில வருஷங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை, நாலு டைவ் முடிந்த இரவு. கரையில் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்திருந்தோம். இருபத்தெட்டு வயசு இருக்கும், ஒரு தம்பி, ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த கேனைத் திறக்காமல் இடது முழங்கையின் உட்பக்கம் உருட்டிக்கொண்டே இருந்தார். உருட்டுவார், கையை நீட்டிப் பார்ப்பார், மறுபடி உருட்டுவார். "என்னப்பா" என்று கேட்டேன். "டேங்க் தூக்கினதுல பிடிச்சுக்கிட்டுது அக்கா" என்றார். அதற்குள் அவர் இரண்டு கேன் குடித்திருந்தார், பக்கத்தில் இருந்தவர்கள் கிண்டல் செய்தார்கள். நான், இத்தனை வருஷம் இதையே பாடமாகச் சொல்லிக் கொடுத்தவள், "தூங்கு தம்பி, காலைல சரியாயிடும்" என்றேன். காலையில் விரல் நுனிவரை மரத்திருந்தது. ஆக்ஸிஜன் கொடுத்து, படகு பிடித்து, அழுத்த அறைச் சிகிச்சைவரை கொண்டு போய்ச் சேர்த்தோம். உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் அந்த மரப்பு முழுதும் போகச் சில மாதங்கள் ஆயின. நான் அந்த இரவே ஆக்ஸிஜனைக் கொடுத்திருக்க வேண்டும். அந்தக் கேன் உருண்ட சத்தம் இன்னும் எனக்குக் கேட்கும்.

அதனால் என் வழக்கம் இது. கரைக்கு வந்ததும் முதலில் தண்ணீர், ஒரு லிட்டராவது, மெதுவாக. சாமான்களைக் கழுவி, குளித்து, சாப்பிட்டு, இரண்டு மூன்று மணி நேரம் உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு, அப்புறம் ஒன்று. மறுநாள் டைவ் இருந்தால் அந்த ஒன்றோடு நிறுத்தம். எங்காவது வலியோ மரப்போ இருந்தால் ஒன்றும் கிடையாது, உடனே டைவ் மாஸ்டரிடம் சொல்லி ஆக்ஸிஜன் கேளுங்கள். குடித்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள், யாரும் திட்டமாட்டோம். சிங்கப்பூர் வந்த பிறகு ஆரம்பித்தாலும் "திங்கட்கிழமைக் களைப்பு" என்று வேலைக்குப் போய்விடாதீர்கள். சிங்கப்பூர் பொது மருத்துவமனையில் இதற்கான உயர் அழுத்த ஆக்ஸிஜன் சிகிச்சை இருக்கிறது, அவசரம் என்றால் 995, முதல் வார்த்தையாக "டைவ் செய்துவிட்டு வந்தேன்" என்று சொல்லுங்கள்.

பாலி, மனாடோ என்று விமானத்தில் போகிறவர்களுக்கு இன்னொன்று. பல டைவ் செய்தவர் விமானம் ஏற 18 மணி நேரமாவது விட வேண்டும் என்பது பொதுவான வழிகாட்டல். அந்த இடைவெளியைத்தான் நம் ஆட்கள் குடித்துக் கழிக்கிறார்கள், விமானத்திலும் தொடர்கிறார்கள். அந்த இரவும் அளவோடு இருக்கட்டும்.

படகு மயக்கத்துக்கு மாத்திரை போடுகிறேன். அதோடு இரவில் ஒரு கிளாஸ் ஒயின் பரவாயில்லையா? (தோ பாயோ)

பொதுவாகக் கிடைக்கும் மாத்திரைகளில் பல தூக்கம் தரும் வகை, ஆல்கஹால் அந்தத் தூக்கத்தை இன்னும் கூட்டும். மாத்திரை போடும் நாட்களில் ஒயினை விட்டுவிடுங்கள். தூக்கம் தராத மாற்று உண்டா என்று மருந்தாளரிடம் கேளுங்கள், டைவ் செய்யப் போவதையும் சொல்லிக் கேளுங்கள். புது மாத்திரையை முதலில் வீட்டில் ஒருநாள் போட்டுப் பாருங்கள், கடலில் பரிசோதனை வேண்டாம். தலைவலிக்கு பாரசிட்டமோலையும் மதுவோடு சேர்த்து விழுங்காதீர்கள், ஈரலுக்கு இரட்டைச் சுமை. இன்னொன்று சகோதரி, ஒரே அளவு குடித்தாலும் பொதுவாக நம் ரத்தத்தில் ஆண்களைவிட அதிகமாக ஏறும், மேலே சொன்ன கணக்கைப் போடும்போது அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தியோமான் வரியில்லாத் தீவாச்சே, வரும்போது ரெண்டு பாட்டில் கொண்டு வரலாமா? (உட்லண்ட்ஸ்)

அங்கே வரியில்லாவிட்டாலும் இங்கே உண்டு. மலேசியாவிலிருந்து வருபவருக்கு சிங்கப்பூரில் மதுவுக்கு வரிச் சலுகை கிடையாது, ஒரு பாட்டிலாக இருந்தாலும் அறிவித்து, தீர்வையும் 9 விழுக்காடு ஜிஎஸ்டியும் கட்ட வேண்டும். இந்தோனேசியாவின் பிந்தானிலிருந்து வருபவருக்குச் சலுகை உண்டு, ஆனால் 48 மணி நேரமாவது வெளியே இருந்திருக்க வேண்டும், சனி போய் ஞாயிறு திரும்பினால் அதுவும் இல்லை. மலிவாகக் கிடைக்கிறதே என்று அங்கேயே குடித்துத் தீர்ப்பதுதான் எனக்கு உண்மையான கவலை.

என் ஜோடி டைவரிடம் காலையில் வாடை அடிக்கிறது. அலுவலகத்தில் எனக்கு மேலதிகாரி வேறு. என்ன செய்வது? (சுவா சூ காங்)

அவரோடு இறங்காதீர்கள். உங்களுக்குக் கீழே காற்று தீர்ந்தால் அவர்தானே உங்கள் இரண்டாவது டேங்க்? எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டியதில்லை, படகு கிளம்பும் முன் டைவ் மாஸ்டரைத் தனியாகக் கூப்பிட்டு "சாரிடம் வாடை வருகிறது, எனக்கு வேறு ஜோடி கொடுங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள், மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார், அது அவர் வேலை. அவரும் கண்டுகொள்ளாவிட்டால் "எனக்குக் காது அடைக்கிறது, இந்த டைவ் வேண்டாம்" என்று உட்கார்ந்துவிடுங்கள். காரணம் சொல்லாமலும் எந்த டைவையும் யாரும் எந்த நேரத்திலும் வேண்டாம் என்று சொல்லலாம், அதை ஏன் என்று கேட்க மேலதிகாரிக்கும் உரிமை இல்லை. பயணக் காப்புறுதி எடுத்திருந்தால் அதையும் ஒருமுறை படித்துப் பாருங்கள், மதுவின் பாதிப்பில் நேர்ந்ததற்கு இழப்பீடு இல்லை என்று பல பாலிசிகளில் இருக்கும். மதியச் சாப்பாட்டில் பேச்சோடு பேச்சாக அவரிடம் இதைச் சொன்னால், ஒருவேளை அன்று இரவு அவரே கேனைத் தள்ளி வைக்கலாம்.