நாற்காலி காலியாகத்தான் இருந்தது

கேள்வி: என் மகன் இரண்டாம் நிலைக் காவலர் பயிற்சியில் இருக்கிறான். மனித உரிமை, மக்களிடம் பேசும் முறை என்று நிறைய வகுப்பு எடுக்கிறார்களாம். ‘ஸ்டேஷனுக்கு வா, எல்லாம் மறந்துடும்’ என்று சிரிக்கிறார் அவன் தாய்மாமன். அவர் ஏட்டாக இருக்கிறார். யார் சொல்வதை நம்புவது?
- ஒரு தாய், விருதுநகர்

பதில்: மாமன் பொய் சொல்லவில்லை அம்மா. நான் 1988-ல் போலீஸில் சேர்ந்தபோது விடியற்காலை கவாத்து, மதியம் சட்டம். கவாத்தில் கால் தப்பினால் மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டும். செக்‌ஷன் தப்பினால் கேட்க ஆளில்லை. எது முக்கியம் என்று உடம்பே கற்றுக்கொண்டது.

சர்வீஸின் கடைசிக் காலத்தில் பயிற்சிப் பள்ளியில் நானே சட்டம் எடுத்தேன். ஒருநாள் வகுப்பையே ஸ்டேஷனாக்கினேன். ஒரு பையன் வாசலில் காவல் நிற்கும் பாரா, இன்னொருவன் புகார் எழுதும் ரைட்டர், ஒரு பெண் செல்போன் தொலைத்த பாட்டி. ரைட்டரின் முதல் வார்த்தையே, “எங்க தொலைச்ச?” பாட்டி கடைசிவரை கைகட்டி நின்றாள். பக்கத்தில் நாற்காலி காலியாகத்தான் இருந்தது. ஒருநாள்கூட ஸ்டேஷனில் வேலை பார்க்காத பிள்ளைகள்! இந்த மிரட்டல் எங்கிருந்து வந்தது என்றேன். “சினிமா சார்” என்று சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. திரும்ப நடிக்கச் சொன்னேன். நாலாவது தடவைதான் “உட்காருங்கம்மா” வந்தது. அப்போதும், புகாரை வாங்கியதற்கு அத்தாட்சியாகத் தர வேண்டிய சி.எஸ்.ஆர். ரசீதை மறந்துவிட்டான்.

சட்டத்துக்கு இங்கே பஞ்சமே இல்லை. கைது செய்தால் என்னென்ன செய்ய வேண்டும் என்று டி.கே.பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது 1996-ல். 2020-ல் சாத்தான்குளத்தில் காவலில் எடுக்கப்பட்ட தந்தையும் மகனும் இறந்தார்கள். அந்த ஸ்டேஷனில் இருந்தவர்களும் சட்டம் படித்துப் பாஸானவர்கள்தான். இப்போது 2024 ஜூலை முதல் புதிய குற்றவியல் சட்டங்கள். சோதனை போட்டால் வீடியோ எடுக்க வேண்டும். சம்பவம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் புகாரைப் பதிய வேண்டும். ‘எங்க லிமிட் இல்ல’ என்று திருப்பி அனுப்புவது எங்களுக்குப் பழகிப்போன பாட்டு. நானும் பாடியிருக்கிறேன்.

ஆகவே வகுப்பு தேவைதான், ஆனால் பாதி வகுப்பு மாமன் வயதுக்காரர்களுக்கு வைக்க வேண்டும். புதுப் பையன் பாடப் புத்தகத்தைப் பார்த்து நடப்பதில்லை, முதல் ஸ்டேஷனின் ஏட்டையாவைப் பார்த்துத்தான் நடக்கிறான்.

போஸ்டிங் கிடைத்தபின் மகன் போன் செய்தால், சாப்பிட்டாயா என்று கேட்ட கையோடு இதையும் கேளுங்கள்: “இன்னைக்கு எத்தனை பேருக்கு ரசீது கொடுத்தீங்க?” அப்புறம் அந்த மாமன், உங்களுக்கு அண்ணனோ தம்பியோ, அவரிடமும் கேளுங்கள்.