வேர்ட்பிரஸில் சைல்டு தீம் என்றால் என்ன, அது எதற்கு?

வேர்ட்பிரஸ் என்பது இணையதளங்களை உருவாக்கி நடத்த உதவும் மென்பொருள். அதில் அமைந்த தளத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் கோப்புகளின் தொகுப்பே தீம். அந்த அசல் தீமில் (மூலத் தீம்) நாம் செய்யும் மாற்றங்களை மட்டும் தனி ஃபோல்டரில் வைத்துக்கொள்வது சைல்டு தீம்.

வேர்ட்பிரஸ் திறமூல மென்பொருள், அதாவது நிரல் எல்லோருக்கும் திறந்திருப்பது என்பதால் எந்தக் கோப்பையும் திருத்த நமக்கு உரிமை உண்டு. ஆனால் மூலத் தீமிலேயே கைவைத்தால், அடுத்த அப்டேட்டில் பழைய ஃபோல்டர் மொத்தமாக நீங்கிப் புதியது வந்து அமரும். நம் உழைப்பும் அதோடு போய்விடும். அதற்குப் பயந்து அப்டேட்டை நிறுத்திவைப்பது இன்னும் ஆபத்து: பாதுகாப்பு ஓட்டைகள் அடைபடாமல் கிடக்கும்.

சைல்டு தீமின் ஸ்டைல்.சிஎஸ்எஸ் (style.css) என்ற தோற்ற விதிகள் கோப்பில், ‘டெம்ப்ளேட்’ என்ற வரியில் மூலத் தீமின் ஃபோல்டர் பெயரை எழுதினால் போதும், இரண்டும் இணைந்துவிடும். பக்கத்தின் அமைப்பை வகுக்கும் டெம்ப்ளேட் கோப்பை வேர்ட்பிரஸ் முதலில் சைல்டு ஃபோல்டரில் தேடும். இல்லாவிட்டால் மூலத்திலிருந்து எடுத்துக்கொள்ளும்.

ஒட்டு மாங்கன்றைப் பாருங்கள். நாட்டு மாங்கொட்டையில் முளைத்த கன்றின்மேல் அல்போன்சாக் குச்சியை ஒட்டுகிறோம். நீரையும் உரத்தையும் உறிஞ்சித் தருவது நாட்டு வேர், காய்ப்பது அல்போன்சா. மூலத் தீம் அந்த வேர் போல, சைல்டு தீம் அந்த ஒட்டுக் குச்சி போல.

நிறம், எழுத்துரு மட்டும் மாற்ற நினைப்பவர்களுக்கு இது தேவையில்லை. தீமின் அமைப்புகளிலேயே முடித்துவிடலாம்.

சைல்டு தீமை இயக்கியதும் மூலத் தீமை நீக்கிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். கூடாது, மூலத் தீம் நிறுவப்பட்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் சைல்டு தீம் இயங்காது.