படித்ததெல்லாம் டெஸ்ட் அன்று மறந்துபோகிறதே?

கேள்வி: பிளஸ் டூ படிக்கும் என் மகள் இரவு 1 மணி வரை படித்துவிட்டு, காலை நாலரைக்கு எழுகிறாள். டெஸ்ட் என்றாலே வயிற்றுவலி, வாந்தி. கேள்வித்தாளைப் பார்த்ததும் எல்லாம் மறந்துவிடுகிறதாம். என்ன செய்வது?
- ஒரு வாசகி, நாமக்கல்

பதில்: முதலில் தூக்கம். இந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் வேண்டும். அவளுக்குக் கிடைப்பதோ மூன்றரை. படித்தது நினைவில் உறுதிப்படுவது தூங்கும்போதுதான். படுக்கும் நேரத்தை மூன்று நாளுக்கு அரை மணி வீதம் முன்னே கொண்டுவாருங்கள். மாலை 4 மணிக்கு மேல் டீ, காபி வேண்டாம்.

அடுத்தது படிக்கும் முறை. திரும்பத் திரும்ப வாசித்தால் எல்லாம் தெரிந்ததுபோல் தோன்றும், எழுத வராது. புத்தகத்தை மூடிவைத்து எழுதிப் பார்க்கட்டும். விட்டதை மட்டும் மறுபடி படித்து, மறுநாளும் ஒரு வாரம் கழித்தும் எழுதட்டும். ஞாயிறு காலை 10 மணிக்கு, பழைய பொதுத்தேர்வு கேள்வித்தாள் ஒன்றை 3 மணி நேரத்தில் எழுதிப் பழகுவது பதற்றத்தை நன்றாகக் குறைக்கும்.

ஹாலில் மனம் வெறுமையானால், நாலு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடட்டும். பத்து முறை. பிறகு மிக எளிய கேள்வியிலிருந்து தொடங்கட்டும்.

வயிற்றுவலியை நடிப்பு என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். பதற்றம் குடலை உண்மையிலேயே பாதிக்கும். டெஸ்ட் அன்று காலை இரண்டு இட்லி போதும். விடுமுறையிலும் வலி நீடித்தாலோ எடை குறைந்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள்.

‘வாழவே பிடிக்கவில்லை’ என்று எப்போதாவது சொன்னால், தனியாக விடாமல், வெளிப்படையாகக் கேட்டுப் பேசுங்கள். உடனே அரசின் மனநல உதவி எண்ணான 14416-ஐ அழையுங்கள். 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.