“நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள்”: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: புரசைவாக்கத்தில் ஒரு பெரிய ஜவுளிக் கடையின் புடவைப் பிரிவில் 11 ஆண்டுகளாக விற்பனையாளராக இருக்கிறேன். முழங்கால் வலி காரணமாக உட்கார ஒரு ஸ்டூல் கேட்டேன். அடுத்த வாரமே மூன்றாவது மாடிக் குடோனுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே பண்டல் எண்ணுவதைத் தவிர வேறு வேலை கிடையாது. வார விடுமுறை எந்த நாள் என்பதை முந்தின இரவுதான் சொல்கிறார்கள். கூட வேலை செய்பவர்கள் என்னோடு சாப்பிட உட்காரவே பயப்படுகிறார்கள். “முடியவில்லை என்றால் நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள், கணக்கை முடித்துத் தருகிறோம், இல்லாவிட்டால் கிராஜுவிட்டிகூடக் கிடைக்காது” என்கிறார் மேலாளர். எழுதிக் கொடுத்துவிடட்டுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பெரம்பூர்

பதில்: வேண்டாம், சகோதரி. வேறு வேலை உறுதியாகும் வரையிலாவது அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். நீங்கள் கேட்ட ஸ்டூல் சலுகையல்ல; கடை ஊழியர்களுக்கு இருக்கை வசதி செய்து தருவதை, தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் செய்யப்பட்ட திருத்தம் முதலாளியின் கடமையாகவே ஆக்கியிருக்கிறது.

உங்கள் கையெழுத்துக்கு அவர்கள் ஏன் இவ்வளவு பாடுபடுகிறார்கள் என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். அதே சட்டத்தின் 41-ஆவது பிரிவின்படி, 6 மாதங்களுக்குக் குறையாமல் தொடர்ந்து வேலை செய்த ஒருவரை நியாயமான காரணமின்றியும், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான சம்பளமோ கொடுக்காமலும் நீக்க முடியாது. நீக்கினால் அவர் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் நீங்களாகவே விலகுவதாக எழுதிக் கொடுத்துவிட்டால், மிரட்டி எழுதி வாங்கினார்கள் என்று நிரூபிக்கும் சுமை முழுவதும் உங்கள் தலையில் விழுகிறது. மாடி மாற்றமும், கடைசி நேரத்தில் சொல்லும் விடுமுறையும், சாப்பாட்டு வேளையின் தனிமையும் அந்த ஒரு தாளுக்காகத்தான்.

கிராஜுவிட்டி பற்றிச் சொன்னது வெறும் மிரட்டல். 5 ஆண்டுகள் முடித்தவருக்கு, அவரே ராஜினாமா செய்தாலும் அது உண்டு. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 15,600 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அதை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்க, ஆண்டுக்கு 9,000 ரூபாய். 11 ஆண்டுகளுக்கு 99,000 ரூபாய்.

இதுவரை எல்லாவற்றையும் அவர்கள் வாயால்தான் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் எழுத்தில் பேசுங்கள். எந்தத் தேதியில் ஸ்டூல் கேட்டீர்கள், எந்தத் தேதியில் குடோனுக்கு மாற்றினார்கள், ராஜினாமா செய்யச் சொன்னது யார் என்பதையெல்லாம் குறிப்பிட்டு, ‘ஆட்சேபத்துடன் இந்தப் பணியைச் செய்து வருகிறேன், விலகும் எண்ணம் எனக்கு இல்லை’ என்று நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதி, விரைவுத் தபாலில் அனுப்பி, நகலையும் ரசீதையும் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். கோபத்தில் ஒரு நாளும் சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். ‘அவராகவே வேலைக்கு வருவதை நிறுத்திவிட்டார்’ என்று சொல்ல அதுவே அவர்களுக்குப் போதும். வெற்றுத் தாளிலோ, படித்துப் பார்க்க நேரம் தராத எதிலுமோ கையெழுத்திடாதீர்கள். தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் தொழிலாளர் துறை அலுவலகம் இருக்கிறது. வழக்கறிஞருக்குப் பணமில்லையே என்று தயங்கவும் வேண்டாம். வருமானம் எவ்வளவாக இருந்தாலும், பெண்களுக்குச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் இலவசச் சட்ட உதவி உண்டு.

இதற்கெல்லாம் மனத்தெம்பு வேண்டும் என்பதை அறிவேன். உடம்பு ஒத்துழைக்காமல் விலகுவது என்று நீங்களே முடிவு செய்தாலும் அது தோல்வியல்ல. ஆனால் அப்போதும் விலகும் தேதியை நீங்கள் குறியுங்கள். கணக்கை எழுத்தில் வாங்கிய பிறகு கையெழுத்திடுங்கள்.

கேள்வி: மேலதிகாரியின் நெருக்கடி தாங்காமல் போன வாரம் மின்னஞ்சலில் பேப்பர் போட்டுவிட்டேன். நோட்டீஸ் காலம் இன்னும் முடியவில்லை. திரும்பப் பெற முடியுமா?
– வாசகர், வேளச்சேரி

பதில்: பிற்பாடு ஒரு தேதியில் நடைமுறைக்கு வரவேண்டிய ராஜினாமாவை, பணி நிபந்தனைகள் தடுக்காத பட்சத்தில், அந்தத் தேதிக்கு முன் திரும்பப் பெறலாம் என்பது உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட கொள்கை. நியமனக் கடிதத்தை எடுத்து அந்த நிபந்தனையைப் படித்துவிட்டு, திரும்பப் பெறும் மின்னஞ்சலை, நெருக்கடியின் விவரத்தோடு, இன்றைக்கே அனுப்புங்கள்; அலுவலகக் கணக்கை அவர்கள் முடக்கக்கூடும் என்பதால் உங்கள் சொந்த முகவரிக்கும் ஒரு நகல் போகட்டும்.