நடக்கும் ஐரிஸ் செடியில் இலை செழிக்கிறது, பூ மட்டும் வரவில்லை. ஏன்?

பெரும்பாலும் வெளிச்சக் குறைவுதான் காரணம். நடக்கும் ஐரிஸ், அதாவது நியோமாரிகா கிராசிலிஸ், பிரேசில் காடுகளில் மர நிழலில் வளர்வது. அதை நம்பிப் பலர் இருட்டு மூலையில் வைத்துவிடுகிறார்கள். தினம் 2, 3 மணி நேரம் காலை இளவெயில் படட்டும். உச்சி வெயில் வேண்டாம், இலை கருகும். விசிறி போல விரிந்த இலைக் கொத்தில் 12 இலை வந்தால்தான் பூக்கும் என்பார்கள். இயேசுவின் அப்போஸ்தலர்கள், அதாவது முதன்மைச் சீடர்கள், பன்னிரண்டு பேர்; 'அப்போஸ்தலர் செடி' என்ற பெயரே அதனால்தான். கறாரான கணக்கு இல்லை, ஆனால் செடி முதிர வேண்டும். தழைச்சத்து உரம் அதிகமானாலும் இலைதான் வரும்.

இன்னொன்று, பூத்தண்டை இலை என்று நினைத்து நறுக்கிவிடுவது. தண்டும் தட்டையாக, பச்சையாக, இலை போலவே இருக்கும். அதன் நுனிக்குச் சற்றுக் கீழே மொட்டுப் புடைக்கும். வெளியே மூன்று வெள்ளை இதழ், உள்ளே சுருண்ட மூன்று நீல இதழ், அடியில் புலிவரி போன்ற பழுப்புக் கோடுகள். அவ்வளவு அழகும் ஒரே பகல்தான்!

வாடியதும் தண்டை வெட்டாதீர்கள். அதே இடத்தில் மறுபடி பூக்கும், பிறகு குட்டிச்செடி முளைக்கும். அதன் பாரத்தில் தண்டு சாய்ந்து மண் தொட்டு வேர்விடுவதைத்தான் 'நடப்பது' என்கிறோம். குட்டியைப் பக்கத்துத் தொட்டியில் வளைந்த கம்பியால் அழுத்தி வையுங்கள். இழுத்தால் பிடிமானம் தெரிந்த பிறகே தண்டை நறுக்குங்கள். கிழங்கை ஆழப் புதைத்தால் அழுகும். மேல்மண்ணை ஒட்டியே இருக்கட்டும்.