முகாமில் அப்பாவுக்கும் சலங்கை உண்டா?

வாசகர் கேள்வி – பதில்

மதுரைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் நண்பர்களோடு சேர்ந்து மே மாதம் குடும்பக் கலை முகாம் நடத்துகிறோம் என்று போன இதழில் இரண்டு வரி எழுதியிருந்தேன். பெற்றோர், பிள்ளைகள், முடிந்தால் தாத்தா பாட்டியும் ஐந்து நாள் ஒன்றாகத் தங்கி, கையில் துணியை வீசி வரிசையாக ஆடும் ஒயிலாட்டம், கும்மி, பறை, ஓலைப் பின்னல் கற்றுக்கொள்ளும் முகாம். அந்த இரண்டு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. இந்த இதழ் முழுக்க அவற்றுக்கே.

கேள்வி: என் பெண்ணுக்கு 7 வயது, பையனுக்கு 11. இருவரையும் முகாமில் சேர்க்க ஆசை. பெற்றோரும் கட்டாயம் ஆட வேண்டும் என்கிறீர்களாமே? என் கணவர், ‘நான் லேப்டாப்போடு ஓரமாக உட்கார்ந்துகொள்கிறேன், பிள்ளைகள் ஆடட்டும்’ என்கிறார். அதற்கு அனுமதி உண்டா?
– வாசகி, கோயம்புத்தூர்

இல்லை அம்மா. கறாராகப் பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

நான் ஒயிலாட்டம் பழகியது ஊர் மந்தையில், ஊர்ப் பொதுவெளியில். பங்குனிப் பொங்கல் நெருங்கினால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் பயிற்சி தொடங்கும். வாத்தியார் பாடுவார், ஆடிப் பழகிய பெரியவர்கள் வரிசையின் முன்னால் நிற்பார்கள். சின்னவர்கள் வாலில் ஒட்டிக்கொள்வோம். யாரும் எங்களைத் தனியாக நிறுத்தி ‘வலது கால், இடது கால்’ என்று சொல்லித் தரவில்லை. முன்னால் போகிற காலைப் பார்த்துத்தான் அடவு, அதாவது ஆட்ட அசைவு, பிடித்தோம். அந்த முன்வரிசை இல்லாமல் பிள்ளைகளை மட்டும் நிறுத்தி ஆட்டினால், அசைவுகளைக் கற்றுக்கொள்வார்கள், சரிதான். ஆனால் வீட்டுக்குப் போனதும் அதைச் சேர்ந்து ஆட யாரும் இருக்க மாட்டார்கள். ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்குள் எல்லாம் மறந்துபோகும்.

இன்னொன்று, உங்கள் பையனின் வயது. பத்து, பன்னிரண்டு வயதுப் பையன்களுக்குத்தான் கூச்சம் அதிகம். கையில் கொடுத்த துணியைச் சுருட்டிப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு தூணோடு தூணாக நிற்பார்கள். அவர்களை நான் வற்புறுத்துவதில்லை. அப்பா வரிசையில் நின்று தப்பும் தவறுமாக ஆடுவதைப் பார்த்தால் தானாக வருவார்கள். வங்கியில் வேலை பார்க்கும் ஒருவர் குடும்பத்தோடு வந்திருந்தார். மூன்றாவது அடவில் திரும்பும்போது கால் பின்னி நின்றுவிட்டார். அவருடைய ஒன்பது வயது மகள் வரிசையை விட்டு ஓடி வந்து, ‘அப்பா, திரும்புறதுக்கு முன்னாடி ஒரு தட்டு இருக்கு’ என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஆடிக் காட்டினாள். ஒரு விஷயத்தை அப்பாவுக்குச் சொல்லிக்கொடுக்கும் வாய்ப்பு பிள்ளைகளுக்கு வீட்டில் எப்போது கிடைக்கிறது? அந்த மனிதர் அன்று சாயங்காலம் சலங்கையைக் கழற்றவே இல்லை.

உங்கள் கணவருக்கு நான் சொல்வது இவ்வளவுதான். பகல் பன்னிரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரை ஆட்டம் கிடையாது, அந்த நேரத்தில் லேப்டாப்பைத் திறந்துகொள்ளலாம். முழங்கால் வலி இருந்தால் குதித்து ஆடும் அடவு வேண்டாம், கும்மியில் நின்று கைதட்டிப் பாடட்டும், இல்லாவிட்டால் சிங்கி என்ற சின்னக் கைத்தாளம் போடட்டும். சும்மா உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதற்குத்தான் இடமில்லை.

கேள்வி: மே மாத வெயிலில் பிள்ளைகளை ஆட விடுவது சரியா?
– வாசகர், வேலூர்

காலையில் ஆறிலிருந்து ஒன்பது வரை, மாலையில் ஐந்துக்கு மேல். நடுவில் மரத்தடியில் ஓலை வேலை, பாட்டு, தூக்கம். நீராகாரமும் மோரும் எப்போதும் இருக்கும். பருத்தி உடை கொண்டுவாருங்கள். வேறு முகாமில் சேர்ப்பதாக இருந்தால் முதலில் இடத்தைப் போய்ப் பாருங்கள். சிமென்ட் தரையில் வெறுங்காலோடு மணிக்கணக்கில் ஆடவைக்கும் இடம் என்றால் வேண்டாம், குதிகாலும் முட்டியும் கெட்டுப்போகும். மண் தரைதான் நல்லது.

கேள்வி: என் மகளுக்குப் பறை கற்றுக்கொள்ள ஆசை. என் மாமியார், ‘சாவுக்கு அடிக்கிறதை வீட்டுக்குள்ளே கொண்டுவராதே’ என்கிறார். அவர் மனதைப் புண்படுத்தாமல் எப்படிப் பேசுவது?
– வாசகி, திருச்சி

இந்தக் கேள்வியை எழுதி அனுப்பியதற்கு நன்றி. பலர் மனதில் வைத்துக்கொண்டு, ‘அந்த நேரத்தில் வேறு வகுப்பு உண்டா?’ என்று மட்டும் கேட்பார்கள்.

முகாமில் பறை வகுப்பு கருவியைத் தெரிந்துகொள்வதில் தொடங்கும். வேப்ப மரத்தில் செய்த வட்டச் சட்டம், அதன்மேல் இழுத்து ஒட்டிய தோல், ஒட்டுவதற்குப் புளியங்கொட்டைப் பசை. வலது கையில் குட்டையான அடிக்குச்சி, இடது கையில் நீளமும் மெலிவுமான சிண்டுக்குச்சி. வைக்கோலைக் கொளுத்தி அனலில் காட்டினால் தோல் விறைத்து நாதம் கணீரென்று ஏறும். பிள்ளைகள் அந்தத் தீயைச் சுற்றி உட்கார்ந்து, காய்ச்சுவதற்கு முன்னும் பின்னும் தட்டிக் கேட்பார்கள். இப்போது காய்ச்சத் தேவையில்லாத ஃபைபர் பறைகளும் கிடைக்கின்றன. ஆனால் முதல் நாள் தோல் பறையைத்தான் கையில் கொடுப்போம்.

பறை கோயில் கொடைத் திருவிழாவுக்கும் அடிக்கப்படுகிறது, கல்யாணத்துக்கும் அடிக்கப்படுகிறது. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களைச் சொல்லும்போது பறையையும் சேர்த்தே சொல்கிறது. ஆனால் பழம்பெருமையைக் காட்டி உங்கள் மாமியாரை ஒப்புக்கொள்ள வைக்கப் பார்க்காதீர்கள். அவருக்கு உறுத்துவது சாவு மட்டும் இல்லை. சாவு வீட்டில் நாதஸ்வரம் வாசிக்கிற ஊர்களும் உண்டு. அதனால் நாதஸ்வரத்தை யாரும் வீட்டுக்கு வெளியே நிறுத்தவில்லை. பறையை நிறுத்தியதற்குக் காரணம், அதை அடித்தவர்களைச் சாதியின் பேரால் ஊருக்கு வெளியே நிறுத்தியதுதான். கூலி கொடுத்தும் கொடுக்காமலும் அவர்களைச் சாவுக்கு அடிக்கக் கட்டாயப்படுத்தினோம், அப்புறம் அதையே காரணம் காட்டிக் கருவியை ஒதுக்கினோம். இனிமேல் சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று பறையைக் கீழே வைத்துவிட்ட குடும்பங்கள் உண்டு. அதே பறையை மேடையில் தலைநிமிர்ந்து அடித்துக் காட்டியவர்களும் உண்டு. பறைக் கலைஞர் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025-ல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். அந்தச் செய்தி வந்த அன்று எங்கள் குழுவில் பறை சொல்லித்தரும் தம்பிக்குப் பேச்சே வரவில்லை.

உங்கள் மாமியாரிடம் வாதம் செய்ய வேண்டாம். ‘அத்தை, கடைசி நாள் சாயங்காலம் மட்டும் வந்து பாருங்கள்’ என்று கூப்பிடுங்கள். வந்தால் எங்கள் பறை ஆசிரியர் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவார், பேசுவார். வராவிட்டாலும் உங்கள் மகள் கற்றுக்கொள்ளட்டும். இந்த ஒரு விஷயத்தில் பாட்டியின் சம்மதத்துக்காகப் பேத்தியைக் காக்க வைக்காதீர்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

கேள்வி: கைவினை வகுப்பில் பத்தமடைப் பாய் நெய்யச் சொல்லித்தருவீர்களா? மகளின் கல்யாணத்துக்கு நாங்களே நெய்து வைக்க ஆசை.
– வாசகி, அம்பாசமுத்திரம்

அழகான ஆசை. ஆனால் ஐந்து நாளில் நடக்காது. பத்தமடைப் பாய்க்குத் தாமிரபரணிக் கரைக் கோரையைக் காயவைத்து, தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, நூல் போலக் கிழிக்க வேண்டும். மெல்லிய பட்டுப் பாய் ஒன்றை முடிக்க வாரக்கணக்கில் ஆகும். மணமக்கள் பெயரை உள்ளேயே நெய்து தருகிற அந்தக் கை, பல வருடப் பழக்கத்தில் வருவது. நீங்கள் பக்கத்திலேயே இருக்கிறீர்கள், பத்தமடைக்கு நேரில் போய் நெய்கிற பெண்களைப் பார்த்து, சொன்ன விலையைக் கொடுத்து வாங்கி மகளுக்குக் கொடுங்கள். அதுவும் அந்தத் தறிக்கு நீங்கள் செய்கிற நன்மைதான்.

முகாமில் நாங்கள் எடுப்பது பனையோலை. குருத்தோலையை முன்கூட்டியே வெட்டிக் காயவைத்துக் கொண்டுவருவோம். ஈர்க்கைக் கிழித்து எடுத்து, ஒரே அகலத்துக்கு வகிர்ந்து, ஈரத்துணியில் சுற்றிவைத்தால் பின்னுவதற்கு இளகும். முதல் நாள் காற்றாடி. மறுநாள் பந்து, அப்புறம் உள்ளே சிறு கல்லைப் போட்டுக் கிலுகிலுப்பை. கடைசி இரண்டு நாளில் பெரியவர்கள் கொட்டான் என்கிற சின்ன ஓலைக் கூடை ஒன்றை முடித்துவிடுவார்கள். புவிசார் குறியீடு பெற்ற செட்டிநாட்டுக் கொட்டானின் நேர்த்தியை அதில் எதிர்பார்க்காதீர்கள், மூலை மடிப்பது அவ்வளவு சுலபம் இல்லை. இந்த வகுப்பில் பாட்டிமார்தான் ராணிகள். சின்ன வயதில் பின்னியது விரலுக்கு நினைவிருக்கும், பத்து நிமிடத்தில் வந்துவிடும். அவர்களைச் சுற்றித்தான் பிள்ளைகள் உட்காருவார்கள்.

கேள்வி: முகாம் கட்டணம் கட்ட எங்களுக்கு வசதியில்லை. இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். வேறு வழி உண்டா?
– வாசகர், விருதுநகர்

அரசின் கலை பண்பாட்டுத் துறை நடத்தும் ஜவகர் சிறுவர் மன்றம் பல மாவட்டங்களில் இருக்கிறது. 5 வயது முதல் 16 வயது வரை சேரலாம். பாட்டு, நடனம், ஓவியம் மிகக் குறைந்த செலவில் கற்கலாம். அங்கே பெற்றோர் ஆட முடியாது, ஆனால் பிள்ளைகள் கற்று வந்ததை வீட்டில் உங்களுக்குச் சொல்லித்தரச் சொல்லுங்கள். எங்கள் முகாமில் கட்டணமில்லாமல் சில குடும்பங்களைச் சேர்த்துக்கொள்கிறோம். இதழாசிரியருக்கு எழுதுங்கள், கடிதம் எனக்கு வந்துவிடும்.

கேள்வி: எங்கள் அடுக்ககத்தில் இதுபோல் மூன்று நாள் முகாம் நடத்த விரும்புகிறோம். கலைஞர்களுக்கு எவ்வளவு கொடுக்கலாம்? சிலர் ‘சான்றிதழும் பொன்னாடையும் போதும், விளம்பரம் கிடைக்கிறதே’ என்கிறார்கள்.
– குடியிருப்போர் சங்கச் செயலாளர், சென்னை

போதாது ஐயா. உங்கள் சங்கத்தில் இதைப் படித்தே காட்டுங்கள்.

நமக்கு விடுமுறை கிடைக்கிற சித்திரையும் வைகாசியும் கிராமத்துக் கோயில் திருவிழாக் காலம். பங்குனியிலிருந்தே கரகம், ஒயில், பறை, கூத்துக் கலைஞர்களுக்கு ராத்திரி தோறும் ஆட்டம் இருக்கும். மழைக்காலத்துக்கும் மார்கழிக்கும் சேர்த்து அப்போதுதான் சம்பாதிப்பார்கள். அந்த நேரத்தில் ஒரு கலைஞரை மூன்று நாள் சென்னைக்குக் கூப்பிட்டால், அவர் விட்டு வருவது மூன்று திருவிழா. அந்தப் பணத்துக்குக் குறையாமல் கொடுப்பதுதான் கணக்கு. தொகையை அவரிடமே கேளுங்கள், பேரம் பேசாதீர்கள். பாதியை முன்பணமாகவும் மீதியைக் கடைசி நாள் மேடை ஏறுவதற்கு முன்பும் கொடுத்துவிடுங்கள். ‘அடுத்த வாரம் அனுப்புகிறோம்’ என்று சொல்லி அனுப்பிய ஓர் அமைப்பை எனக்குத் தெரியும். தவில்காரர் அதற்காகப் பல முறை பஸ் ஏறிப் போய் வந்தார்.

ஒருவரை மட்டும் கூப்பிடாதீர்கள். ஒயிலுக்குப் பாடுகிறவர், தாளக்காரர், ஆடிக் காட்டுகிறவர் எல்லாரும் வேண்டும். ஒலிபெருக்கியில் பாட்டைப் போட்டுவிட்டால் பிள்ளை திணறும்போது தாளத்தை நிறுத்தி மெதுவாக்க ஆள் இருக்காது. அவர்கள் தங்குவதற்கு நல்ல அறை கொடுங்கள். காவலாளி அறையில் பாய் போட்டுக் கொடுப்பதாக இருந்தால் முகாமே வேண்டாம். சாப்பாடு எல்லாருக்கும் ஒரே பந்தியில். கலைஞர்களை யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் கலை பண்பாட்டுத் துறையின் மண்டல அலுவலகத்தில் கேளுங்கள். பொன்னாடையும் போர்த்துங்கள், அது கூடுதல்.

கேள்வி: பாஸ்டனில் இருக்கிறோம். அமெரிக்க நண்பர் குடும்பத்தோடு பைன்வுட்ஸ் என்ற இடத்தில் குடும்ப நடன முகாமுக்குப் போனோம். தாத்தாவும் பேரனும் ஒரே வரிசையில் ஆடினார்கள். தமிழ்க் கலைகளுக்கு இங்கே அப்படி ஒன்றை நாங்கள் தொடங்க முடியுமா?
– வாசகி, அமெரிக்கா

முடியும். நீங்கள் போய் வந்தது நல்ல முன்மாதிரி. பிளிமத் ஊர்ப் பக்கம் பைன் மரங்களுக்கும் குளங்களுக்கும் நடுவே இருக்கும் அந்த முகாமில், 1915-ல் தோன்றிய நாட்டுப்புற நடன இசைச் சங்கம் கோடை வாரங்களை நடத்திவருகிறது. ஒரு நடனக் கூடத்துக்கு, இங்கிலாந்துக் கிராமங்களில் பாட்டும் ஆட்டமும் தேடித் தொகுத்த செசில் ஷார்ப்பின் பெயரை வைத்திருக்கிறார்கள். அங்கே பிடில்காரர் நேரில் வாசிப்பார், ஒருவர் நின்று அடுத்த அசைவைக் குரல் கொடுத்துச் சொல்வார். நம் ஒயில் வாத்தியார் செய்வதும் இதைத்தான்.

முதல் வருடமே எல்லாவற்றையும் இழுத்துப்போட்டுக்கொள்ளாதீர்கள். ஐந்தாறு குடும்பங்கள், ஒரு வார இறுதி, கும்மி. கும்மிக்குக் கருவி வேண்டாம், கையும் குரலும் போதும். ஒருவர் அடியெடுத்துப் பாட மற்றவர்கள் திருப்பிப் பாடுவதால் தமிழ் சரளமாக வராத பிள்ளைகளும் இரண்டாவது சுற்றில் பாடிவிடுவார்கள். கோவைப் பக்கத்துக் குடும்பம் யாராவது இருந்தால் வள்ளி கும்மி தெரிந்திருக்கும். அதைப் பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்த பத்திரப்பன் ஐயாவுக்கு 2024-ல் பத்மஸ்ரீ அறிவித்த பிறகு அந்தப் பக்கம் ஆர்வம் கூடியிருக்கிறது. அடுத்ததாகப் பின்னல் கோலாட்டம் எடுங்கள். மேலே கட்டிய கயிறுகளை ஆடிக்கொண்டே பின்னி, அதே அடவைத் திருப்பி ஆடிப் பிரிக்க வேண்டும். ஒருவர் தப்பினால் எல்லாரும் நின்று சிக்கலை எடுக்க வேண்டியிருக்கும், பெரிய பிள்ளைகளுக்கு அது மிகவும் பிடிக்கும்.

பறைக்கு உங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்தில் விசாரியுங்கள், அமெரிக்காவில் பல நகரங்களில் பறைக் குழுக்கள் இருக்கின்றன. பனையோலை கிடைக்காது என்று கவலைப்பட வேண்டாம், கெட்டியான பழுப்புத் தாளை ஓர் அங்குல அகலத்துக்கு வெட்டிக்கொண்டால் காற்றாடியும் பந்தும் நன்றாக வரும். ஊரிலிருந்து பெற்றோர் வந்து தங்கியிருக்கும் மாதமாகப் பார்த்து முகாமை வையுங்கள். அவர்களில் யாருக்குக் கும்மிப் பாட்டு தெரியும் என்று இப்போதே போனில் கேட்டு, முழுப் பாட்டையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.