சேதுபதி காலத்துச் சிபாரிசு: அது லஞ்சமா?

18ஆம் நூற்றாண்டில், சேதுபதி மன்னர்கள் ஆண்ட ராமநாதபுரம் கடற்கரையில் வேலைக்கோ வரிச் சலுகைக்கோ தெரிந்த பெரிய மனிதரைப் பிடித்தார்களே, அது ஏன் என்பது கேள்வி.

சிபாரிசு என்றால் அதிகாரத்தில் இருப்பவரிடம் செல்வாக்குள்ள ஒருவர் நமக்காகச் சொல்லும் ஒரு வார்த்தை. சொல்லே பாரசீகத்திலிருந்து வந்ததுதான். அன்று போட்டித் தேர்வும் கிடையாது, விண்ணப்பப் படிவமும் கிடையாது. ஆளைத் தெரிந்தவர் சொன்னால்தான் நம்புவார்கள். போதாததற்கு ஆட்சியே கைமாறிக்கொண்டிருந்தது. 1772இல் ஆற்காட்டு நவாபும் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியும் ராமநாதபுரத்தைப் பிடித்தார்கள். 1781இல் முத்துராமலிங்க சேதுபதி திரும்ப ஆட்சிக்கு வந்தார். 1795இல் கம்பெனி அவரை நீக்கியது. இதில் யாரைப் போய்ப் பார்ப்பது என்று தெரிவதே பாதி வேலை! கீழக்கரையின் முஸ்லிம் கடல் வணிகர்களான மரைக்காயர்கள் மாதிரி அரண்மனையும் கடல் வணிகமும் தெரிந்தவர்களுக்கு மதிப்பு வந்தது இப்படித்தான்.

இன்று பாம்பனில் புதுப் படகுக்காரருக்கு மீன் வியாபாரி முன்பணம் தர வேண்டுமென்றால், “நம்ம ஆள்தான்” என்று யாராவது சொல்ல வேண்டாமா? அதேதான்.

பழத்தட்டோடு போனதைப் பார்த்து எல்லாமே லஞ்சம் என்று நினைப்பவர்கள் உண்டு. வெறுங்கையோடு பெரியவரைப் பார்க்கப் போகாதது மரியாதை. உண்மையான கடன் அப்புறம், அவர் கூப்பிடும்போது போய் நிற்பதில் இருந்தது.